ஓடைக்கரைக்கு எல்லைக்கல் கேட்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியருக்காக மட்டக்களப்பில் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை. வாவிக்கரை மீனவர்களும் படுவான்கரை விவசாயிகளும் இதில் கலந்துகொண்டார்கள்.)



சம்பளத்துக்குப் போராடுகிற சங்கம் ஓடைக்கரையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று காலையில் ஒரு தோழர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1,000 ரூபாய் நாட்சம்பளம் வாங்குவதற்கு நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2021-இல் அது வர்த்தமானியில் வந்தபோது விலைவாசி அதையும் தாண்டிப் போயிருந்தது. அப்படியிருக்க ஓடைக்கும் நமக்கும் என்ன?

நமது வாழ்க்கையில் மூன்று காரியங்கள் ஓடைக்கரையில்தான் கிடக்கின்றன. முதலாவது குடிதண்ணீர், நமது பீலிக்கு வருகிற தண்ணீர் மேலே ஏதோ ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. இரண்டாவது வீடு, பல தோட்டங்களில் லயமும் ஓடையோரம்தான், புது வீட்டுக்கு ஒதுக்கும் காணியும் சில இடங்களில் ஓடையோரம்தான். மூன்றாவது மரக்கறித் தோட்டம். தேயிலை நட முடியாத ஈரமான துண்டில்தான் பெரும்பாலும் நாம் போஞ்சியும் கீரையும் போடுகிறோம். அந்தக் கரைக்கு என்ன விதி என்று தெரியாமல் இருந்தால், இந்த மூன்றைப் பற்றியும் வேறு யாராவது நமக்காக முடிவு எடுத்துவிடுவார்கள்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஓடை, ஆறு, ஊற்று, குளம் ஆகியவற்றின் ஓரத்தில் ஒரு பட்டை நிலத்தை வெட்டாமல், கட்டாமல், நிரப்பாமல் விட வேண்டும். காகிதத்தில் அதை 'ஒதுக்கீடு' என்பார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் 'ரிசர்வேஷன்' என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இதற்கு அடிப்படை 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம். பொது நீரோடையின் ஊற்றையும் போக்கையும் காப்பதற்காக அரச காணியை ஒதுக்கி வைக்க அது இடம் கொடுக்கிறது. அப்படி ஒதுக்கிய நிலத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் அனுபோக உரிமை வராது. இந்த வரியை மறக்க வேண்டாம். பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

இதோடு இன்னும் பல சட்டங்கள் இருக்கின்றன. 1951-இன் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வயலை நிரப்புவதற்கு அனுமதி வேண்டும் என்று சொல்கிற 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993-இல் வந்த வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என்கிறது. 25 மீற்றருக்கு மேல் அகலமான ஆறென்றால் அதன் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வருகிற திட்டம் சிறியதாக இருந்தாலும் மதிப்பீட்டுக்குள் வரும். 4 ஹெக்டேயர் என்பது கிட்டத்தட்ட 10 ஏக்கர். ஆனால் நமது ஊர்களில் ஈரநிலத்தை யாரும் ஒரே தடவையில் 10 ஏக்கர் நிரப்புவதில்லை. இந்த மாதம் இரண்டு லோட் மண், அடுத்த மாதம் ஒரு மதில், அதற்கடுத்த வருடம் ஒரு கடை. இப்படிப் பேர்ச் பேர்ச்சாகப் போகிற நிலத்தைப் பெரிய சட்டம் பிடிக்காது. அதைப் பிடிக்க வேண்டியவை பிரதேச சபையும் பிரதேச செயலகமும்தான். அதனால்தான் உள்ளூர் விதியைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்த விதி எதற்கு என்று இங்கேயுள்ள வாவியைப் பார்த்தால் விளங்கும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலோடு சேருகிற வாய்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மடுப் பக்கம் உள்ள முகத்துவாரம், மற்றது பெரியகல்லாறு. கோடையில் மணல் இந்த வாய்களை அடைத்துவிடும். மாரியில் மேற்கிலிருந்து முந்தனையாறு போன்ற ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். வாய் திறக்கும்வரை அந்தத் தண்ணீர் எங்கேயாவது நிற்க வேண்டுமே! அது நிற்கிற இடம்தான் வாவியோரத்துச் சதுப்பும் கண்ணாக்காடும் பள்ளக் காணிகளும். அந்த இடத்தை மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் காணாமல் போகாது, பக்கத்து வீட்டுக்குள் போகும்.

மாரி வந்தால் இங்கே ஒரு வாக்குவாதமும் வரும். வயல் மூழ்குகிறது, முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்பார் விவசாயி. இப்போதே வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்பார் மீனவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பரவி நிற்கிற இடம் குறையக் குறைய, இந்த இருவருக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க இருந்த நாட்களும் குறைகின்றன. இடத்தை நிரப்பியவர் அந்தச் சண்டையில் இருக்க மாட்டார்.

கண்ணா மரங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றின் வேருக்குள்தான் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கின்றன. ஆற்றோடு வரும் சேறு அந்த வேரில் தங்குகிறது. 80களில் இந்தக் கரைகளில் இறால் பண்ணைகள் வந்தன. யுத்த காலத்தில் பாதுகாப்பு என்ற பெயரில் கண்ணாக்காடுகள் வெட்டப்பட்டன. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்த தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை இந்தக் கரை மறக்கவில்லை. தொழிலாளர் சங்கமாகிய நாமும் மறக்கக் கூடாது.

மலைக்கும் இந்த வாவிக்கும் தொடர்பு தூரத்துத் தொடர்பு அல்ல. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கிற கல் ஓயாவைத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்போம். சுதந்திரத்துக்குப் பிறகு அதை மறித்து சேனாநாயக்க சமுத்திரம் கட்டினார்கள். அதன் இடதுகரை வாய்க்கால் பாய்கிற வயல்களின் வடிநீரில் ஒரு பகுதி தெற்கு வாவிக்கு வருகிறது. மலைச்சரிவில் மண் கரைந்தால் குளம் தூர்கிறது. குளம் தூர்ந்தால் வெள்ளத்தைப் பிடித்துவைக்க இடம் குறைகிறது. மனிதர்களின் கதையும் அப்படித்தான். 1977, 1983 வன்செயல்களில் மலையை விட்டு ஓடிவந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய நமது குடும்பங்கள் உண்டு. இந்த ஆற்றின் இரண்டு முனையிலும் நாம்தான் இருக்கிறோம்.

சரி, விதி நல்லது. ஆனால் அது யார் தலையில் விழுகிறது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடி போன்ற கிராமங்களைத் துடைத்துவிட்டுப் போனது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டியில் இருந்த ஊர் அது. அதன்பின் அரசாங்கம் கரையோரத்தில் கட்டடம் கட்டக் கூடாத வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். காரணம் பாதுகாப்பு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே கடலுக்கு இரண்டு அளவு ஏன் என்று இந்தக் கரை மக்கள் கேட்டார்கள். ஹோட்டல்களுக்கு விலக்கு, மீனவருக்குத் தடையா என்று கரையோரம் முழுவதும் குரல் எழுந்தது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்களைத் திராய்மடு போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். வலை, தோணி, தொழில் எல்லாம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். பிறகு அந்தத் தூரங்கள் குறைக்கப்பட்டன. ஆனால் முதலில் போனவர்கள் யார் என்பதைப் பாருங்கள்: கையில் உறுதி இல்லாதவர்கள்.

இது நமது நாட்டுக் கதை மட்டுமல்ல. சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளர்களை ஆற்றுப் புறம்போக்கு என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். ஆற்றங்கரையைக் காப்பாற்றுகிறோம் என்று எடுத்தவர்களைச் சதுப்புக்கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதே சதுப்பைச் சுற்றிப் பெரிய கம்பனிக் கட்டடங்கள் எழும்பின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பகுதிகள் தண்ணீருக்குள் நின்றன. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் பழைய சதுப்பில் சிறு பங்குதான் மிஞ்சியிருந்தது.

இந்த இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டு, ஒதுக்கு விதியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. விதி இல்லாமல் போனால் முதலில் மூழ்குவதும் நாம்தான், முதலில் கலங்கல் தண்ணீர் குடிப்பதும் நாம்தான். எல்லை தெரியாத விதி பலமுள்ளவருக்கு வளையும், பலமில்லாதவரை உடைக்கும். அதனால் நமது கோரிக்கை இதுதான்: கோட்டை அளந்து கல் நடுங்கள், அந்தக் கல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், கல்லுக்கு உள்ளே இருக்கிற குடும்பத்துக்கு முதலில் உறுதியோடு காணி கொடுங்கள், பிறகு எழுப்புங்கள்.

இப்போது நமது தோட்டத்துக்கு வருவோம். 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 53 வருடம். குத்தகைதான், சொந்தம் அல்ல, காணி அரசாங்கத்தினுடையது. ஆனால் ஓடைக்கரையில் யார் எதைச் செய்யலாம் என்று தோட்டத்தில் தீர்மானிப்பவர் துரைதான். தேயிலை ஓடை விளிம்புவரை நிற்கும். அதை யாரும் அத்துமீறல் என்று சொல்வதில்லை. அதே விளிம்பில் நாம் பத்துப் பாத்தி வெங்காயம் போட்டால், அது அத்துமீறல். களைநாசினி கலந்த பீப்பாயை ஓடையில் கழுவச் சொல்வதும் வேலையின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. கிளைபோசேட்டை 2015-இல் தடை செய்தார்கள், 2018-இல் தேயிலைக்குத் தளர்த்தினார்கள். இந்தப் போக்குவரத்துக்கு நடுவில், ஓடையிலிருந்து எத்தனை அடி தள்ளித் தெளிக்க வேண்டும் என்று மருந்து அடிக்கிற தொழிலாளிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஓடையை ஊற்றிலிருந்து பாலம்வரை படமாகக் கீறச் சொன்னோம். மாரியம்மன் கோயில், பீலி, துணி துவைக்கும் கல், நண்டு பிடிக்கும் இடம் என்று எல்லாம் வந்தது. ஒதுக்கு நிலம் எங்கே முடிகிறது என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னோம். வீட்டிலும் தெரியவில்லை. தெரியாதது அவர்கள் குற்றம் அல்ல. அங்கே ஒரு கல்லும் இல்லை.

வீட்டுக் காணியிலும் இதே சிக்கல்தான். 7 பேர்ச் காணி, தனி வீடு என்பது நமது நீண்ட காலக் கோரிக்கையின் பலன். அதை எந்த இடத்தில் அளந்து கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நல்ல தேயிலை நிற்கிற மேட்டைக் கம்பனி விடாது. சரிவையும் ஓடையோரத்தையும் காட்டினால் நாம் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. ஒதுக்கு நிலத்தில் அனுபோக உரிமை வராது என்று முதலில் சொன்னோம் அல்லவா? அந்த இடத்தில் வீடு வந்தால் சாவி கையில் இருக்கும், உறுதி வராது. பிள்ளைகள் காலத்தில் அதே விதியைக் காட்டி எழும்பச் சொல்வார்கள். இது பாதுகாப்புப் பிரச்சினையும்தான். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான சரிவு என்று அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மாற்றுக் காணி எங்கேயும் இருக்கவில்லை.

பிரதேச சபையிடம் போகலாமே என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போட்டோம், சபையின் குப்பை வண்டி தோட்டத்து கேட்டோடு நின்றது. 2018-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது அந்தச் சாக்கு இல்லை. உப விதிகளை ஆக்குகிற அதிகாரம் சபைக்கு உண்டு. அந்த உப விதியில் ஓடைக்கரை எப்படி வர வேண்டும் என்று சொல்கிற உரிமை வாக்காளராகிய நமக்கும் உண்டு.

இதில் நமது பக்கத்துக் கஷ்டத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஓடைக்கரைத் தோட்டத்தை விடச் சொன்னால் மாதச் செலவில் துண்டு விழும் என்று தலைவிமார் சொல்கிறார்கள். உண்மைதான். சம்பளம் போதாத வீட்டில் அந்தப் பத்துப் பாத்திதான் பள்ளிக்கூடப் பிள்ளையின் சப்பாத்து. ஆகவே கோரிக்கை இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். தோட்டங்களில் பராமரிப்பு இல்லாமல் காடாகிக் கிடக்கிற காணி இருக்கிறது. ஓடைக்கரையில் விடுகிற ஒவ்வொரு பேர்ச்சுக்கும் அங்கே ஒரு பேர்ச் கேட்போம். ஓடைக்கரையும் வெறும் தரையாகக் கிடக்க வேண்டியதில்லை. கொத்தி, உரம் போட்டு, மருந்து அடிப்பதுதான் ஓடைக்குக் கேடு. மூங்கில், மருது, பலா, மாட்டுக்குப் புல் என்று வேர் பிடித்து நிற்பவற்றை வைத்து, கொத்தாமல் பலன் எடுக்க அனுமதி கேட்கலாம். இங்கே வாவிக்கரையில் கண்ணாவை மறுபடி நடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இனி, கிளைக்குத் திரும்பியதும் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில், ஓடையை நடந்து பாருங்கள். ஊற்று, பீலி, லயம், தோட்டம், மருந்து கலக்கும் இடம், மண் சரிந்த இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். மூத்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் போடலாம். இந்த ஓடைக்கு ஒதுக்கீடு உண்டா, எத்தனை மீற்றர், நில அளவை வரைபடம் எங்கே என்று மூன்று கேள்வி போதும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம்.

மூன்றாவது, புது வீட்டுக் காணி காட்டினால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் ஒதுக்கு எல்லையும் கையில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்காவது, அடுத்த பேச்சுவார்த்தையில் மருந்து விஷயத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வையுங்கள். ஓடையோரத்தில் தெளிப்பதில்லை, பீப்பாய் கழுவத் தனி இடம், கையுறையும் முகமூடியும். மேல் தோட்டத்தில் தெளிக்கிறவரின் தங்கைதான் கீழ் லயத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள்.

ஐந்தாவது, தனியாகப் போக வேண்டாம். இங்கே வந்திருக்கும் அண்ணன்மார் ஒரு விஷயம் சொன்னார்கள். வாவிக்கரையில் ஒரே துண்டு நிலத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநலத் திணைக்களம், பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று ஐந்து வாசல் இருக்கிறது. ஒவ்வொன்றும் அடுத்த வாசலைக் காட்டுகிறது. 1981-இன் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலோடு சேர்கிற களப்புகளின் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர்வரை கரையோர வலயம் போகிறது. 2011 திருத்தம் அந்த நீரோரத்தில் 100 மீற்றர் நிலத்தையும் சேர்த்தது. அதற்கு மேலே வேறு அலுவலகம். ஆறு ஒன்று, அலுவலகம் ஐந்து. ஆகவே மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் தோட்டக் கமிட்டியும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஐந்து அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அப்போது ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாது.

தோழர்களே, வாக்குரிமை இல்லாத காலத்திலும் இந்த மலைகளில் கான் வெட்டி, கல் அடுக்கி, மண்ணைப் பிடித்து வைத்தது நமது பாட்டன் பாட்டியின் கைகள். ஓடைக்கரையைக் காக்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கோடு கீறுகிற மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் இரண்டு தாள் கொண்டு வர வேண்டும். ஒன்று உங்கள் ஓடையின் படம். மற்றது தகவல் விண்ணப்பத்தின் பிரதி, திகதி முத்திரையோடு. படுவான்கரைத் தோழர்களும் தங்களுடையதைக் கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மலையிலிருந்து வாவிவரை அந்தத் தாள்களை வரிசையாக ஒட்டிப் பார்ப்போம். எந்த இடத்தில் கல் இல்லை என்று அப்போது தெரியும். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.